கண்டிச் சீமைக்கு நடந்த கால்கள்

எங்கள் அப்பத்தா சாகிறவரைக்கும் இலங்கை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ‘கண்டிச் சீமை’ என்றுதான் சொல்லும். “எங்க பூட்டன் கண்டிக்கு நடந்தே போனாகய்யா. கூட்டமாப் போனாக. வண்டியும் கூடப் போச்சு. ஆனா வண்டியில கங்காணி சாமானும் அரிசி மூட்டையுந்தான் போகும். ஆளுக வண்டித் தடத்துல பின்னாடி நடக்கணும்.” இதைச் சொல்லும்போது அப்பத்தா காலை நீட்டிக்கொண்டு, முழங்காலைத் தடவிக்கொண்டே சொல்லும், தானே நடந்து வந்த மாதிரி.

குமாரலிங்கபுரம் சேரியில் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தவர்கள் நாங்கள். கடல் குறுக்கே கிடக்கிறதே, கண்டிக்கு எப்படி நடந்து போவது? அப்பத்தாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுகூடப் பேசிக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் ராஜராஜன் ஈழத்தை வென்றதைப் படித்தோம். நம் வீட்டுக் கிழவர்கள் அதே ஈழத்துக்குச் சாக்குப் பையோடு நடந்துபோனதைப் பற்றி எந்தப் பாடத்திலும் ஒரு வரி இல்லை. பின்னாளில் தேடிப் படித்தபோதுதான் அப்பத்தா சொன்னது கதை இல்லை, வரலாறு என்று தெரிந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரில் என்ன இருந்தது?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கரிசலில் பருத்தி, சோளம், கம்பு. மற்ற மண்ணில் வரகு, குதிரைவாலி. குண்டாற்றில் தண்ணீர் ஓடுவது வருஷத்தில் சில நாள். கண்மாய் பெருகினால் நெல். அந்தக் கண்மாய்க்கு மண் வெட்டியதும் கரை கட்டியதும் சேரி ஆட்கள். கண்மாய்த் தண்ணீர் பாய்ந்த நிலமோ ஊர்க்காரர்களுடையது. கமலை இறைக்கத் தோல் வேண்டும். அந்தத் தோலை உரித்துப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்கள் சக்கிலியர்கள். அந்தக் கிணற்றில் குடிக்கத் தண்ணீர் எடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயது ஆனால் ‘மாட்டுக்கு விடுறது’. பையனை ஆண்டை வீட்டு மாட்டுக்கு விட்டுவிட்டால் அப்பன் வாங்கின கடனுக்கு அவன் மேய்ச்சல். கூலி என்று பேச்சு இல்லை. கஞ்சியும் வருஷத்துக்கு ஒரு துணியும். மாடு மேய்த்தவன் வளர்ந்து பண்ணையாள் ஆவான். அவன் மகன் மறுபடி மாட்டுக்குப் போவான்.

வெள்ளைக்காரன் அரசாங்கம் 1843-ல் ஐந்தாம் சட்டம் என்று ஒன்று போட்டது. இனி இந்தியாவில் அடிமை என்ற நிலையை நீதிமன்றம் ஏற்காது என்றது அந்தச் சட்டம். நிலத்தையும் கொடுக்கவில்லை, கடனையும் தள்ளுபடி செய்யவில்லை. அடிமை என்ற பெயர் போயிற்று. கடன்காரன் என்ற பெயர் நின்றது. எட்டி உதைத்தாலும் போக வேறு இடம் இல்லாதவனுக்குச் சட்டம் என்ன செய்யும்?

அந்த வேறு இடத்தைக் காட்டிக்கொண்டு வந்தவன்தான் கங்காணி.

கங்காணி விரித்த கடன்

இலங்கையின் மலைநாட்டில் 1820-களில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போடத் தொடங்கினார்கள். காடு அழிக்கவும் காப்பிப் பழம் பறிக்கவும் ஆள் வேண்டும். கண்டிச் சிங்களக் குடியானவர்கள் தங்கள் வயலை விட்டுவிட்டுத் தோட்டக் கூலிக்கு வர மறுத்தார்கள். ஆதார ஓலை காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசாங்கத்துக்குச் சொந்தமாக்கி, 1840-ல் ஒரு சட்டம் போட்டு, வெள்ளை முதலாளிகளுக்கு விற்றார்கள். அங்கே ஒரு மக்களிடமிருந்து மண்ணைப் பறித்தார்கள். அந்த மண்ணில் வேலை செய்ய, இங்கே மண்ணே இல்லாத இன்னொரு மக்களைக் கொண்டுபோனார்கள். இந்த இரண்டும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள். இதை மறந்துவிட்டுப் பேசுவதால்தான், பறித்தவனை விட்டுவிட்டுக் கொண்டுவரப்பட்டவனைப் பழிக்கும் அரசியல் அங்கே பின்னாளில் வளர்ந்தது.

காப்பிக்கு வருஷம் முழுவதும் ஆள் தேவையில்லை. பழம் பழுக்கும் சில மாதங்களுக்குத்தான் பெரிய கூட்டம் வேண்டும். ஆகவே முதல் ஐம்பது அறுபது வருஷம் நம் ஆட்கள் போனதும் வந்ததுமாக இருந்தார்கள். ஒத்தாசைக்குப் போகிற மாதிரி கூட்டமாகப் போய், வேலை முடிந்ததும் கையில் மிஞ்சிய காசோடு திரும்பி நடந்தார்கள். அந்தக் கூட்டங்களில் ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு.

துரை, பெரிய கங்காணியிடம் முன்பணம் கொடுப்பான். பெரிய கங்காணி சில்லறைக் கங்காணிகளிடம் கொடுப்பான். சில்லறைக் கங்காணி ஊருக்கு வந்து, ஆண்டையிடம் பட்ட கடனை அடைக்க ஒருவனுக்குப் பணம், வழிச் செலவுக்கு அரிசி, மலைக் குளிருக்கு ஒரு கம்பளி என்று கொடுப்பான். எல்லாம் கணக்கில் ஏறும். கணக்கு கங்காணியிடம். படிக்கத் தெரியாதவன் கைநாட்டு வைப்பான். ஆக ஊரை விட்டுக் கால் எடுத்து வைக்கிறபோதே கடன் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பெரிய கங்காணிகளில் மிகப் பலர் நிலபுலன் உள்ள சாதி இந்துக்கள். உண்மையை மறைக்க வேண்டியதில்லை: சில்லறைக் கங்காணிகளில் நம் ஆட்களும் இருந்தார்கள். தன் சொந்தக்காரர்களையே கூட்டிச் சேர்த்து, அவர்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு வாங்கியவர்கள் உண்டு. ஒடுக்கப்பட்டவனைக் கொண்டே ஒடுக்கப்பட்டவனைக் கட்டி இழுப்பது தோட்டத்துரை கண்டுபிடித்ததல்ல. நம் ஊரிலிருந்தே கற்றுக்கொண்டது.

வண்டித் தடம்

திருச்சுழிப் பக்கத்திலிருந்து பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம், பாம்பன். நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து தோணி. மன்னார்த் தீவில் இறங்கி மறுபடி நடை. மன்னாரிலிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு ஏறக்குறைய 150 மைல். அப்பத்தாவின் பூட்டன் நடந்தது இந்த வழியில்தான். கடலில் தோணி ஒரு துண்டு. முன்னும் பின்னும் கால்நடை. எங்கள் சிரிப்புக்கு வரலாறு சொன்ன பதில் இது.

அந்த 150 மைலில் பெரும்பகுதி வறண்ட காடு. கிணறு கிடையாது, குட்டையில் கிடந்ததைக் குடித்தார்கள். காலரா, மலேரியாக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. நடக்க முடியாமல் விழுந்தவனை வழியிலேயே விட்டுவிட்டுக் கூட்டம் போனது. நின்றால் அரிசி தீர்ந்துவிடும்; அரிசி தீர்ந்தால் எல்லாரும் சாக வேண்டும். தோட்டத்தில் பழம் பழுத்து நிற்கிறது என்று கங்காணி விரட்டுவான். 1841-லிருந்து 1849 வரை, வந்தவர்களில் நாலில் ஒரு பங்கு, 70,000 பேர் செத்திருப்பார்கள் என்று ‘கொழும்பு அப்சர்வர்’ பத்திரிகை 1849-ல் கணக்குச் சொன்னது. அது ஒரு பத்திரிகையின் மதிப்பீடு. கூடவோ குறையவோ இருக்கலாம் என்று இன்றைக்கும் வாதிடுகிறார்கள். வாதிடுகிறவர்கள் வாதிடட்டும். நான் கேட்பது வேறு. ஏற்றுமதியான காப்பி மூட்டைக்கு அந்தர்க் கணக்கில் புள்ளிவிவரம் எழுதி வைத்த அரசாங்கத்துக்கு, அந்தக் காப்பியைப் பறிக்க வந்து வழியில் செத்தவனை எண்ணி வைக்க ஏன் தோன்றவில்லை?

சாவுகள் பெருகி, தோட்டத்துக்கு ஆள் வரத்துக் குறையும் என்ற பயம் வந்த பிறகுதான் வழியில் கிணறும் கொட்டகையும் ஆஸ்பத்திரியும் வந்தன.

தாது வருஷப் பஞ்சம், 1876-லிருந்து 1878 வரை, சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கானவர்களை விழுங்கியது. முதலில் செத்தது யார்? நிலம் இல்லாதவன், தானியக் குதிர் இல்லாதவன். 1877 ஒரு வருஷத்தில் மட்டும் லட்சம் பேருக்கு மேல் இலங்கைக்குப் போனார்கள். “புளியங்கொட்டையை வறுத்துத் தின்னு பாத்தாக. அதுவும் தீந்து போச்சு. பொறகு கங்காணி கூப்புடாமலே கிளம்பிட்டாக” என்று அப்பத்தா சொல்லும்.

பஞ்சம் மட்டுமா?

இந்தப் பயணத்தைப் பற்றி எழுதியவர்கள் பலரும் ‘பஞ்சம் பிழைக்கப் போனவர்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பஞ்சம் உண்மை. ஆனால் பஞ்சம் இல்லாத வருஷத்திலும் போனார்களே, ஏன்? தஞ்சாவூர் மிராசுதார்கள் ஆள் ஓடிப்போகிறான் என்று அரசாங்கத்திடம் புலம்பினார்களே, ஏன்? ஆண்டையை விட்டுப் போக முடியும் என்பதே நமக்கு அதுவரை தெரியாத ஒரு விஷயம். கண்டிச் சீமை அதைத் தெரியப்படுத்தியது. போனவர்களில் பாதிப்பேர் வழியில் செத்தாலும் மீதிப்பேர் போயிருப்பார்கள். ஊரில் இருந்தவனும் வாழ்ந்து கொண்டிருக்கவில்லை.

இதைச் சொல்கிறபோது தோட்டம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. சாதி நம்முடன் அதே தோணியில் ஏறி வந்தது. தோட்டத்து லயத்தில் காம்பிராக்களைச் சாதி பார்த்துப் பிரித்தார்கள். பள்ளர், பறையர், சக்கிலியர் சேர்ந்தால் தோட்டத்து மக்களில் பாதிக்கு மேல். இருந்தும் கோயில் முதல் மரியாதை வேறு ஆளுக்கு. கக்கூஸ் வாரவும் நகரங்களில் தெருக் கூட்டவும் சக்கிலியர்கள் அனுப்பப்பட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த வேலையிலேயே நெடுங்காலம் இருத்தப்பட்டார்கள். துரைக்கு இது வசதி. ஒரே லயத்தில் இருப்பவர்கள் ஒன்றாகச் சேராமல் இருக்கும்வரை அவனுக்குப் போலீஸ் செலவு மிச்சம்.

காப்பிச் செடியில் 1869-ல் இலைத்துரு நோய் கண்டது. இருபது வருஷத்துக்குள் காப்பி அழிந்தது. தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் பூராவும் ஆள் வேண்டும். கொழுந்து கிள்ளப் பெண்கள் வேண்டும். போய் வந்துகொண்டிருந்த கூட்டம் அங்கேயே தங்கிப்போனது இப்படித்தான். நடந்துபோன காலம் முடிந்து கப்பலும் ரயிலும் வந்தன. மண்டபத்திலும் தூத்துக்குடிக்குப் பக்கத்துத் தட்டப்பாறையிலும் முகாம் போட்டு, துணியை அவித்து, உடம்பைப் பரிசோதித்து அனுப்பினார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது.

பயணம் சுலபமானது. கடன் சுலபமாகவில்லை. ‘துண்டு’ என்று ஒரு சீட்டு. இந்த ஆளின் கடனைக் கட்டினால் இவனை விட்டுவிடுகிறேன் என்று ஒரு துரை எழுதிக் கொடுப்பான். இன்னொரு துரை அதைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வான். கட்டிய பணம் மறுபடி அவன் தலையில் கடனாகும். சந்தையில் மாடு கைமாறுகிற மாதிரி, துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசவில்லையே தவிர, மற்றதெல்லாம் அதேதான். இந்தத் துண்டு முறையை 1921-ல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

நம் இலக்கியம் இதை எப்படிப் பார்த்தது? பாரதி பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அழுதார். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு சேரிப் பெண் போய்ச் சீரழிவதைப் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் எழுதினார். இரண்டுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் போனவர்கள் தாங்களே சொன்னது எங்கே? அது அப்பத்தாக்களின் வாயில் இருந்தது. கேட்க ஆள் இல்லாமல் அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

உள்ளே நடந்தவர்களும் வெளியே நடந்தவர்களும்

எட்டாத தூரத்தில் ஒரு தோட்டம் அல்லது பண்ணை, அங்கே கூலிக்குப் பதில் அரிசியோ மாவோ, கணக்கு முதலாளியிடம். இந்த ஏற்பாடு நமக்கு மட்டும் நடந்ததல்ல. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட வெளியில் மாட்டுப் பண்ணைகள் இருக்கின்றன. ஒரு பண்ணை நம் தாலுகாக்கள் பலவற்றைச் சேர்த்த அளவு. அந்தப் பூமியின் பூர்வகுடிகளை விரட்டி மாட்டை விட்ட வெள்ளைக்காரர்கள், பிறகு அவர்களையே மாடு மேய்க்க வைத்தார்கள். மாவு, சர்க்கரை, தேயிலை, கொஞ்சம் காசு. வெள்ளை மேய்ப்பனுக்கு உள்ள சம்பளம் கிடையாது.

வடக்குப் பிரதேசத்தில் வேவ் ஹில் என்ற பண்ணை, வெஸ்டி என்ற ஆங்கிலேயப் பிரபுவின் கம்பெனிக்குச் சொந்தம். 1966 ஆகஸ்ட் 23 அன்று வின்சென்ட் லிங்கியாரி என்ற மேய்ப்பரின் தலைமையில் குரிண்ட்ஜி மக்கள் சுமார் 200 பேர், பெண்டு பிள்ளைகளோடு பண்ணையை விட்டு வெளியே நடந்தார்கள். கூலி உயர்வுக்கு நடக்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர்கள் கேட்டது மண்ணை. வாட்டி ஓடைக் கரையில் குடிசை போட்டுக்கொண்டு ஒன்பது வருஷம் அசையவில்லை. 1975 ஆகஸ்ட் 16 அன்று பிரதமர் காஃப் விட்லம் அங்கே வந்து, ஒரு பிடி மண்ணை அள்ளி லிங்கியாரியின் உள்ளங்கையில் போட்டு நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் புகைப்படத்தைப் பார்த்தபோது எனக்கு அப்பத்தா சொன்ன இன்னொன்று ஞாபகம் வந்தது. பூட்டன் கிளம்புகிற அன்று கருப்பசாமி கோயில் மண்ணை ஒரு பிடி எடுத்து வேட்டி முனையில் முடிந்துகொண்டு போனாராம். “சாமியும் கூட வரணும்ல?” ஊரில் நமக்கு என்று இருந்த மண் அவ்வளவுதான், வேட்டி முனையில் முடிகிற அளவு.

குரிண்ட்ஜி மக்களுக்குத் திரும்பக் கேட்க ஒரு பூமி இருந்தது. நாம் எதைத் திரும்பக் கேட்பது? ஊரிலும் நமக்கு நிலம் இல்லை. காட்டை அழித்து, மலையைத் திருத்தி, 150 வருஷம் கொழுந்து கிள்ளிய இடத்திலும் நிலம் இல்லை.

நிலம் மட்டுமா, நாடே இல்லை என்றார்கள். 1947 தேர்தலில் மலையகத் தமிழர்கள் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் ஓட்டும் பறிபோனது. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைகளை எண்ணிப் பிரித்தவர்கள், அந்தத் தலைகளில் ஒன்றையாவது கூப்பிட்டு “நீ எங்கேப்பா இருக்க ஆசைப்படுற?” என்று கேட்டார்களா?

திரும்பி வந்தவர்கள் மண்டபத்தில் இறங்கினார்கள். பாட்டன் போன வழி; பேரன் வந்த வழி. ஒரு பகுதிக்கு நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கொழுந்து. மற்றவர்கள் ஊர் ஊராகச் சிதறினார்கள். அங்கே ‘இந்தியாக்காரன்’, இங்கே ‘சிலோன்காரன்’. ஆனால் ஊருக்குள் வந்ததும் சாதி கேட்க யாரும் மறக்கவில்லை. எங்கள் சேரிக்கு அப்படி வந்த ஒரு குடும்பத்துப் பெரியவர் சொன்னார்: “அங்க லயத்துல ஒரு காம்பிரா. இங்க சேரியில ஒரு குடிச. நடுவுல ஒரு கடல். அம்புட்டுத்தான் மாறுச்சு.”

நடை இன்னும் முடியவில்லை

இலங்கையில் நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003-ல் ஒரு சட்டத்தின் மூலம் குடியுரிமை கிடைத்தது. நிலம் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரன் கட்டிய லயத்திலேயே இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. 2023-ல், முதல் கூட்டம் போய் இருநூறு ஆண்டு ஆனதை ஒட்டி, மலையக மக்கள் ஜூலை கடைசியில் தலைமன்னாரில் தொடங்கி, பழைய வழியிலேயே நடந்து ஆகஸ்டில் மாத்தளை போய்ச் சேர்ந்தார்கள். செத்தவர்களை நினைத்து நடந்தார்கள். நிலம் வேண்டும், வீடு வேண்டும், சரியான கூலி வேண்டும், இந்த நாட்டை உருவாக்கியவர்கள் என்ற அங்கீகாரம் வேண்டும் என்று கேட்டு நடந்தார்கள்.

அந்த நடை தலைமன்னாரில் தொடங்கியது. ஆனால் பழைய நடை தொடங்கியது அங்கே இல்லை. திருச்சுழியிலும் அருப்புக்கோட்டையிலும், அந்த மாதிரி நூறு கிராமங்களின் சேரிகளிலும் தொடங்கியது. கடலுக்கு இந்தப் பக்கம் உள்ள பாதிப் பாதையை நினைத்து நடக்க ஒருவரும் இல்லை. பரமக்குடி வழியில் ஒரு கல் இல்லை. பாம்பனில் ஒரு பலகை இல்லை.

கல் நடுவதை அரசாங்கம் செய்யும்போது செய்யட்டும். நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சேரியிலும் ‘எங்க வீட்டுல ஒருத்தர் கண்டிக்குப் போனாக’ என்று சொல்கிற கிழவியோ கிழவனோ இன்னும் ஒருவராவது இருப்பார். மாணவர்கள் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். போனவர் பெயர் என்ன, எந்தக் கங்காணி, யாருக்குக் கடன், எந்தத் தோட்டம், திரும்பினாரா இல்லையா என்று கேட்டு எழுத வேண்டும். நாங்கள் சிரித்த மாதிரி சிரிக்கக் கூடாது.

அப்பத்தாவிடம் பூட்டன் பெயரைக் கேட்டு எழுதி வைக்க எனக்குத் தோன்றவில்லை. இப்போது கேட்க அப்பத்தா இல்லை.